சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறுவது எப்படி? பெர்மியன் படுகையை வைத்துச் சில கேள்விகள்

கேள்வி: படிவியல்_முதுகலை

வணக்கம். மேற்கு டெக்சாஸும் நியூ மெக்சிகோவும் சேரும் இடத்தில் இருக்கும் குவாடலூப் மலைகளைப் பாடத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெர்மியன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே ஓர் ஆழமான கடற்படுகை. அதன் விளிம்பில் கடற்பஞ்சுகளும் பாசிகளும் கட்டிய காப்பிட்டன் திட்டு. திட்டுக்குப் பின்னால், கரைப்பக்கம், ஆழமில்லாத கடற்தட்டு. அதற்கும் பின்னால் ஜிப்சமும் உப்பும் படிந்த காயல்கள்.

எனக்குப் பிடிபடாதது பாறைகளின் பரவல். கடற்தட்டுப் பாறை ஏறக்குறைய முழுக்க டோலமைட், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். திட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லாகவே நிற்கிறது. திட்டின் முன்சரிவில் மறுபடியும் அங்கங்கே டோலமைட் தலைகாட்டுகிறது. கடலும் ஒன்று, காலமும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இதோடு ஒட்டிய கேள்விகளும் உண்டு. இன்றைய கடல்நீர் டோலமைட்டுக்கு மிகைப்பூரிதமாகத்தான் (படியத் தேவையான அளவைவிடக் கூடுதல் பொருள் கரைந்து) இருக்கிறது, ஆனாலும் திறந்த கடலில் அது படிவதில்லை. அன்று மட்டும் எப்படி நடந்தது? நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையை மாற்ற எவ்வளவு நீர் ஓட வேண்டும்? நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் டோலமைட் உண்டாகும் என்று சில பாடநூல்கள் இன்னும் சொல்கின்றன. அதை இங்கே பொருத்தலாமா? ஒரு மென்சீவலும் (நுண்ணோக்கியில் பார்க்க மெலிதாகத் தேய்த்த பாறைத் துண்டு) கொஞ்சம் பொடியும் கையில் இருந்தால், எந்த நீர் இந்த வேலையைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில் 1: படிகப்பக்கம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது விளங்கினால் மற்றவை எளிது.

டோலமைட் படிகத்தில் கால்சியம் ஓர் அடுக்கு, கார்பனேட் ஓர் அடுக்கு, மெக்னீசியம் ஓர் அடுக்கு, திரும்பக் கார்பனேட் என்று வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் கனிமங்களான கால்சைட்டுக்கும் அரகோனைட்டுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. கால்சியம் வந்து ஒட்டினால் போதும். அதனால் கடல்நீரில் அவை முந்திக்கொள்கின்றன.

மெக்னீசியத்துக்கு இன்னொரு தடை. அது சிறிய அயனி, இரட்டை மின்னேற்றம் கொண்டது. ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்த நீர்ப்போர்வையைக் கழற்றாமல் படிகத்தில் உட்கார முடியாது. கால்சியம் தன் நீரை விட்டு மாற்றிக்கொள்ளும் வேகத்தோடு ஒப்பிட்டால் மெக்னீசியம் ஆயிரம் மடங்குக்குக் குறையாமல் மந்தம். லின்டன் லேண்ட் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று: ஆயிரம் மடங்கு மிகைப்பூரிதமான கரைசலை 25 டிகிரி செல்சியசில் 32 ஆண்டுகள் வைத்திருந்தும் டோலமைட் ஒரு துளியும் வரவில்லை. அதே வேலையை 200 டிகிரியில், மெக்னீசியம் குளோரைடு கலந்த கரைசலில் கால்சைட் பொடியைப் போட்டுச் செய்தால் நாள்கணக்கில் முடிந்துவிடும். அப்போதும் வரிசை ஒன்றுதான். முதலில் வெகுநேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு மெக்னீசியம் மிகுந்த கால்சைட் போன்ற பொருள் வரும், அதன்பின் ஒழுங்கு குறைந்த டோலமைட், கடைசியில்தான் சரியான டோலமைட்.

2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட சோதனையைக் கட்டாயம் படியுங்கள். படிகத்தின் மேற்பரப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தப்பான இடங்களில் உட்கார்ந்துகொண்டு அடுத்த அடுக்கைத் தடுக்கின்றன. அந்தத் தப்பான இடங்கள்தான் முதலில் கரையும். ஆகவே இடையிடையே கொஞ்சம் கரைத்துவிட்டால் வளர்ச்சி தொடரும் என்பது அவர்கள் கருத்து. 80 டிகிரிக் கரைசலில் எலெக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் சுமார் 4000 முறை துடிப்பாகப் பாய்ச்சியபோது படிகம் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது 300 அடுக்கு அளவு வளர்ந்தது. அதற்கு முன் ஆய்வகத்தில் ஐந்து அடுக்கைத் தாண்டியதில்லை. ஓதம் ஏறி இறங்கும் தட்டையான கரைகள், மழைக்கும் வறட்சிக்கும் இடையே உவர்ப்பு மாறிக்கொண்டே இருக்கும் காயல்கள் ஆகியவை டோலமைட்டுக்குத் தோதான இடங்களாக இருப்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

நுண்ணுயிர்களையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் லகோவா வெர்மெல்யா காயலில் சல்ஃபேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் டோலமைட் படிய உதவுகின்றன என்று வாஸ்கொன்செலோசும் மெக்கென்சியும் 1995இல் காட்டினார்கள். ஆனால் அப்படி வருவது மிகக் குறைந்த அளவு, ஒழுங்கும் குறைவு. அது விதையாகப் பயன்படும். மலையளவு பாறையை மாற்றப் போதாது என்பது என் கருத்து. மலையளவுக்கு நீரோட்டம்தான் வேண்டும். கணக்கை வேறு யாராவது போடுங்கள்.

பதில் 2: உவர்நீர்_கணக்கு

கணக்கு இது. 40 சதவீத நுண்துளைமை (கனஅளவில் துளைகளின் பங்கு) உள்ள ஒரு கனமீட்டர் கால்சைட் படிவை எடுங்கள். திடப்பொருள் 0.6 கனமீட்டர், அடர்த்தி 2.71 என்பதால் சுமார் 1626 கிலோ, அதாவது 16,250 மோல் கால்சைட். இரண்டு கால்சைட்டுக்கு ஒரு மெக்னீசியம் உள்ளே வந்து ஒரு கால்சியம் வெளியே போக வேண்டும். ஆக 8,120 மோல் மெக்னீசியம் தேவை. கடல்நீரில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 54 மோல் இருக்கிறது. ஒரு மோல்கூட மிச்சம் வைக்காமல் எடுத்தால் 150 கனமீட்டர் கடல்நீர் போதும். ஆனால் நீர் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. மெக்னீசியம் குறைந்து கால்சியம் கூடக் கூட வினை நின்றுபோகும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கனமீட்டர் படிவுக்குச் சுமார் 650 கனமீட்டர் கடல்நீர் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு.

100 மீட்டர் தடிமனுக்கு இதை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 65,000 கனமீட்டர் நீர் இறங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயர நீர் இறங்கினால் 65,000 ஆண்டு. பத்து சென்டிமீட்டர்தான் இறங்கினால் 6,50,000 ஆண்டு. புவியியல் காலத்தில் இது பெரிய எண்ணே இல்லை; ஆனால் அத்தனை காலம் நீர் நிற்காமல் ஓட ஓர் உந்துவிசை வேண்டும். டோலமைட் பற்றிய எல்லா விளக்கங்களையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: நீரைத் தள்ளியது எது?

பெர்மியன் படுகையில் தள்ளியது நீரின் எடையே. ஆடம்சும் ரோட்சும் 1960இல் உவர்நீர்க் கசிவு என்ற விளக்கத்தை இந்தப் பகுதியை வைத்தே முன்வைத்தார்கள். திட்டுக்குப் பின்னால் இருந்த ஆழமில்லாத நீர் வெயிலில் வற்றுகிறது. கடல்நீரின் அடர்த்தி 1.03 அளவில் இருந்து ஏறி, ஜிப்சம் படியும் கட்டத்தில் 1.1-ஐத் தாண்டும்; சோற்றுப்பு படியும் கட்டத்தில் 1.2-ஐத் தாண்டும். இந்தக் கனத்த நீர் அடியில் இருக்கும் படிவின் துளைகளில் உள்ள இலேசான கடல்நீரை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கும். பிறகு சரிவோடு படுகைப் பக்கம் நகரும். ஜிப்சம் படியும்போது கால்சியம் கழிந்துவிடுகிறது. கடல்நீரில் மோல் கணக்கில் 5.2 ஆக இருக்கும் மெக்னீசியம்-கால்சியம் விகிதம் 10-ஐத் தாண்டி ஏறும். நீர் நான்கில் ஒரு பங்காக வற்றியிருந்தால் அதே கனமீட்டரில் நான்கு மடங்கு மெக்னீசியம். மேலே சொன்ன 150 என்ற குறைந்தபட்சக் கணக்கு 38 கனமீட்டராகச் சுருங்கிவிடும். விகிதமும் உயர்ந்திருப்பதால் வீணாவதும் குறைவு.

இனி உங்கள் பரவல் கேள்வி. கடற்தட்டுப் படிவுகள் உவர்நீரின் ஊற்றுக்கு நேர் கீழே, ஊடுருவுதிறனோடு இருந்தன; முழுக்க மாறின. காப்பிட்டன் திட்டு வளரும்போதே கடல் சிமெண்டால் (துளைகளில் கடல்நீர் படியவைத்த கார்பனேட்) பெரும்பாலும் அடைபட்டு இறுகிவிட்டது. நீருக்கு வழி இல்லாத இடத்தில் மெக்னீசியத்துக்கும் வழி இல்லை. ஆனால் திட்டு முழுதும் அடைபடவில்லை. அது வளர்ந்த காலத்திலேயே அதில் பிளவுகள் விழுந்தன. அந்த வழிகளில் புகுந்த உவர்நீர் முன்சரிவின் சொரசொரப்பான இடிபாட்டுக்குள் பரவி அங்கே டோலமைட்டை உண்டாக்கியது. அதனால்தான் முன்சரிவில் அது சீரான படலமாக இல்லாமல் திட்டுத்திட்டாக வருகிறது. வரைபடத்தில் டோலமைட்டின் எல்லையைப் பார்க்கும்போது அதைப் பழைய நீரோட்டத்தின் எல்லை என்று படியுங்கள்.

ஒரு பின்விளைவையும் கவனியுங்கள். கனமீட்டருக்கு 8,120 மோல் கால்சியம் வெளியே வருகிறது என்றோம். உவர்நீரில் சல்ஃபேட் நிறைய இருக்கிறது. வெளிவந்த கால்சியம் முழுதும் அங்கேயே அன்ஹைட்ரைட் என்ற நீரில்லாத கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்தால் அதன் கனஅளவு 0.37 கனமீட்டர், இருந்த 0.4 கனமீட்டர் துளையும் ஏறக்குறைய அடைந்துபோகும். நடைமுறையில் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. ஆனாலும் இதே படுகையின் சான் ஆன்ட்ரெஸ் பாறைத்தொகுதி டோலமைட்டுகளில் அன்ஹைட்ரைட் அடைப்பு இவ்வளவு பரவலாக இருப்பது ஏன் என்று இந்த எண் சொல்லிவிடும்.

படிவியல்_முதுகலை:

இரண்டு பதிலுக்கும் மிக்க நன்றி. நீரோட்டத்தின் எல்லை என்று பார்த்ததும் பரவல் தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம் மிச்சம். ஜிப்சத்தின் தடமே இல்லாத டோலமைட் படுகைகளும் இருக்கின்றனவே, அங்கே என்ன விளக்கம்? டோலமைட் ஆனால் நுண்துளைமை 13 சதவீதம் கூடும் என்று ஒரு வரி எல்லா இடத்திலும் வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 3: உவர்நீர்_கணக்கு

ஜிப்சம் இல்லாததற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நீர் ஜிப்சம் கட்டத்தை எட்டாமலே இறங்கியிருக்கலாம். கடல்நீரைவிடக் கொஞ்சம் கனம் கூடியிருந்தாலே கசிவு தொடங்கிவிடும். அப்போது உப்புப் படிவு எதுவும் மிஞ்சாது. இரண்டு, சாதாரணக் கடல்நீரே போதுமானதாக இருந்திருக்கலாம். பஹாமாஸ், கேமன் தீவுகளின் நியோஜீன் கால டோலமைட்டுகள் ஏறக்குறைய இயல்பான கடல்நீரால் உண்டானவை. அங்கே நீரைத் தள்ளியது ஓதம், கடல் நீரோட்டம், கார்பனேட் மேடையின் (கடலில் பரந்து உயர்ந்த சுண்ணாம்புப் படிவு) உட்புறத்துக்கும் வெளிக்கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு போன்றவை. ஃப்ளோரிடா மேடைக்குள் குளிர்ந்த ஆழ்கடல்நீர் பக்கவாட்டில் புகுந்து, சூடாகி மேலேறுவதைக் கோஹௌட் சுழற்சி என்கிறோம். அதே வகை உந்துதல்தான்.

நன்னீர்க் கலப்பு விளக்கத்தைப் பொருத்த வேண்டாம். 1973இல் பதியோசமானி விஸ்கான்சினின் ஆர்டோவிசியன் பாறைகளை வைத்து அதைச் சொன்னார். கலப்பு நீர் கால்சைட்டைக் கரைக்கும், அதே நேரம் டோலமைட்டுக்கு மிகைப்பூரிதமாக இருக்கும் என்பது வாதம். ஆனால் அந்தக் கணக்கு எந்த டோலமைட்டின் கரைதிறனை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதலில் படியக்கூடிய ஒழுங்கற்ற டோலமைட்டின் கரைதிறனைப் போட்டால் அந்த வாய்ப்பான இடைவெளி சுருங்கிவிடுகிறது. இன்றைய கலப்பு மண்டலங்களும் சாதகமாக இல்லை: யுகடான் கரையில் அவை குகைகளைக் குடைகின்றன, டோலமைட் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை. விஸ்கான்சின் பாறைகளையே சூடான உவர்நீரின் வேலை என்று பின்னர் மறுவிளக்கம் செய்துவிட்டார்கள்.

அபுதாபி சப்கா (வறண்ட கரையோர உப்புத் தட்டு) வகையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சப்காவில் நீர் ஆவியாதலால் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. வருவது ஒரு மீட்டருக்கும் குறைந்த மெல்லிய அடுக்குகள், சில மைக்ரான் அளவுப் படிகங்கள். பத்துப் பத்து மீட்டராகத் தடித்த டோலமைட்டை அது மட்டும் விளக்காது.

பதில் 4: ஆழ்துளை_பதிவு

நுண்துளைமை பற்றி நான் சொல்றேன். அந்த 13 சதவீதம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும். இரண்டு மோல் கால்சைட்டின் கனஅளவு 73.9 கன சென்டிமீட்டர், ஒரு மோல் டோலமைட் 64.3. குறைவு 12.9 சதவீதம். இது திடப்பொருளில் வரும் குறைவு. 40 சதவீதத் துளைமையில் தொடங்கினால் 48-க்குப் போகும், அவ்வளவுதான். தொடக்கப் பொருள் அரகோனைட்டா இருந்தால் குறைவு 6 சதவீதத்துக்குள்ள. அதுவும் வெளியிலிருந்து ஒரு கார்பனேட்டும் வரலைன்னு வைச்சாத்தான். நீர் கார்பனேட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால் டோலமைட் துளைகளுக்குள்ளேயே சிமெண்டா வளரும், துளைமை குறையும். உவர்நீர் ஊற்றுக்குப் பக்கத்துப் பாறை கெட்டியாவும், கொஞ்சம் தள்ளி இருக்கிற பாறை துளையோடவும் இருக்கிறதுக்கு இந்த மிகை டோலமைட்டாக்கம் ஒரு முக்கியக் காரணம்.

எண்ணெய்த் தேக்கப்பாறைக்கு டோலமைட் நல்லதுன்னு சொல்றதுக்கு உண்மையான காரணம் வேற. டோலமைட் அமுக்கத்துக்கும் அழுத்தக் கரைசலுக்கும் அதிகம் தாக்குப்பிடிக்கும். தெற்கு ஃப்ளோரிடா ஆழ்துளைக் கிணறுகளில் மேல்மட்டத்தில் சுண்ணாம்புக்கல்தான் துளைமை கூடினது. ஆழம் போகப் போக டோலமைட் முந்திடும். அதாவது டோலமைட் புதுசா உண்டாக்கினதைவிட இருந்ததைக் காப்பாத்தினது அதிகம். இன்னொன்று படிக அளவு. சேற்றுப் படிவு டோலமைட்டா மாறும்போது படிகம் 20 மைக்ரானுக்குள்ள இருந்தால் ஊடுருவுதிறன் மோசம், 20 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல போனால் மணற்கல் மாதிரி ஓடும். தேக்கப்பாறைகளைப் பிரிக்கிற லூசியா வகைப்பாட்டின் அடிப்படையே இதுதான்.

கிணற்றுப் பதிவில் (துளைக்குள்ள கருவி இறக்கி அளக்கிறது) அடையாளம் காண: தானிய அடர்த்தி டோலமைட்டுக்கு 2.87, கால்சைட்டுக்கு 2.71. ஒளிமின் காரணி (காமாக் கதிரைப் பாறை உறிஞ்சும் அளவு) டோலமைட்டுக்கு 3.1, கால்சைட்டுக்கு 5.1. இங்கே ஒரு கண்ணி இருக்கு. அன்ஹைட்ரைட்டின் ஒளிமின் காரணியும் 5.05. அன்ஹைட்ரைட் அடைச்ச டோலமைட்டில் இந்த எண் 4 பக்கம் ஏறி, பாதி சுண்ணாம்புக்கல்னு காட்டும். பெர்மியன் படுகையில் இந்தத் தப்பு எளிதா நடக்கும். அடர்த்தியைச் சேர்த்துப் பாருங்க: அன்ஹைட்ரைட் 2.98. அடர்த்தி 2.87-ஐத் தாண்டி ஏறினால் அது கால்சைட்டா இருக்க வழியே இல்லை.

பதில் 5: படிகப்பக்கம்

மென்சீவல், பொடி ஆகியவற்றுக்கு வருகிறேன். களத்திலேயே 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம்: கால்சைட் உடனே நுரைக்கும், டோலமைட் கீறிப் பொடியாக்கிய இடத்தில் மட்டும் மெல்ல நுரைக்கும். துளைகள் நிறைந்த நுண்படிக டோலமைட் கீறாமலே கொஞ்சம் நுரைத்து ஏமாற்றும். அதனால் இதோடு நிறுத்தக் கூடாது.

சாயம் ஏற்ற மூடுகண்ணாடி ஒட்டாத சீவல் வேண்டும். பாதியை மட்டும் நனையுங்கள், மறுபாதி ஒப்பிட உதவும். 1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிக்கு அலிசரின் ரெட் எஸ் 0.2 கிராம் ஒரு கரைசல். அதே அமிலம் 100 மில்லிக்குப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 2 கிராம் இன்னொரு கரைசல். முதலில் வெறும் அமிலத்தில் 10–15 விநாடி. பிறகு இரண்டு சாயத்தையும் 3:2 விகிதத்தில் கலந்த கரைசலில் 30–45 விநாடி. கடைசியாக அலிசரினில் மட்டும் 10–15 விநாடி. மெதுவாகக் கழுவி, துடைக்காமல் உலர விடுங்கள். இரும்பில்லாத கால்சைட் இளஞ்சிவப்பு முதல் சிவப்பு, இரும்புள்ள கால்சைட் ஊதா முதல் நீலம், இரும்புள்ள டோலமைட் பச்சைநீலம், இரும்பில்லாத டோலமைட் சாயமே ஏறாது. ஃபெர்ரிசயனைடு கரைசலை அன்றன்றைக்கே தயாரியுங்கள். பழையது நிறம் காட்டாது. அதைச் சூடாக்கவோ அடர் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே செய்யுங்கள். அரைத்தூளோ விரல் எண்ணெயோ படிந்த இடம் சாயம் ஏற்காமல் டோலமைட் போலத் தெரியும். அமிலத்தில் அதிக நேரம் விட்டால் நுண்படிகங்கள் கழன்றுவிடும்.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்கதிரைப் பொடியில் பாய்ச்சிப் படிக அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் முறை), தாமிரக் கதிரில், முதன்மை முகடு கால்சைட்டுக்கு 29.4 டிகிரி அருகிலும் டோலமைட்டுக்கு 30.9 டிகிரி அருகிலும் வரும். அந்த முகட்டின் இடைவெளியை ஆங்ஸ்ட்ராமில் எடுத்து 333.33 ஆல் பெருக்கி 911.99 கழித்தால் கால்சியம் கார்பனேட்டின் மோல் சதவீதம். 2.886 என்றால் சரியாக 50. 2.900 என்றால் 54.7, அதாவது கால்சியம் மிகுந்த, இளம் டோலமைட். முகடு 0.05 டிகிரி தள்ளியிருந்தாலே விடை 1.5 சதவீதம் மாறும். ஆகவே குவார்ட்ஸ் பொடியை உள்ளேயே கலந்து 26.64 டிகிரி முகட்டை வைத்துத் திருத்துங்கள். இரும்பும் இடைவெளியைக் கூட்டும் என்பதால் சாயத்தில் பச்சைநீலம் காட்டிய மாதிரிக்கு இந்தச் சூத்திரம் பொய் சொல்லும். அடுக்கு ஒழுங்கை அறிய 35.3 டிகிரி முகட்டை 37.3 டிகிரி முகட்டோடு ஒப்பிட வேண்டும். பந்தாலையில் (உலோக அல்லது பீங்கான் பந்துகள் உருளும் அரைவை எந்திரம்) மணிக்கணக்காக அரைத்தால் அந்த ஒழுங்கு முகடே தேய்ந்துவிடும். அகேட் உரலில் ஆல்கஹால் விட்டுக் கையால் அரைப்பதே நல்லது.

படிக வடிவத்துக்கு வந்தால், தட்டையான முகங்கள் கொண்ட நேர்முகப் படிகங்கள் குறைந்த வெப்பத்தைக் காட்டும். ஒழுங்கற்ற வளைந்த எல்லைகள் சுமார் 50–60 டிகிரிக்கு மேல் வளர்ந்தவை. முகம் குதிரைச் சேணம்போல் வளைந்து, குறுக்கு முனைவாக்கத்தில் அலையாக இருளும் சேண டோலமைட் 60 முதல் 150 டிகிரி வரை. சேண டோலமைட் தென்பட்டால் பாறை ஆழத்தில் புதைந்த பின்தான் டோலமைட் ஆனது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 6: கார்பனேட்_மேடை

படிகப்பக்கம் சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், ஏனென்றால் பல கட்டுரைகள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். சேண டோலமைட் பெரும்பாலும் குழிகளையும் பிளவுகளையும் நிரப்பும் சிமெண்ட். சுற்றியுள்ள பாறை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கரையோரத்தில் டோலமைட் ஆகியிருக்கலாம். இரண்டையும் தனித்தனியே, பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நுண் துளைப்பானால் மாதிரி எடுக்காவிட்டால், வந்துசேரும் எண் இரண்டின் கலவை. எந்த நிகழ்வையும் அது குறிக்காது.

வெறும் புதைவால் ஒரு மேடை முழுவதையும் டோலமைட்டாக்க முடியுமா என்பதற்கு மேலே போட்ட கணக்கே பதில். களிமண்கல் அமுங்கும்போது பிழியப்படும் நீர் மிகக் குறைவு. ஒரு கனமீட்டருக்கு 650 கனமீட்டர் என்ற தேவைக்கு அருகில்கூட வராது. ஆழத்தில் வெப்பம் சாதகம்: கிலோமீட்டருக்கு 25–30 டிகிரி ஏறும், 2 கிலோமீட்டரில் 70–80 டிகிரி வந்துவிடும். ஆனால் நீர் பாதகம். ஆகையால் ஆழத்து டோலமைட் நீர் குவியும் இடங்களில்தான் பெரிதாக வரும், அதாவது பிளவுப்பெயர்ச்சிகளின் வழியே. மிச்சிகன் படுகையின் ஆல்பியன்-சிப்பியோ எண்ணெய் வயல் நல்ல உதாரணம்: 1957இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளம், அகலமோ 1.5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆர்டோவிசியன் சுண்ணாம்புக்கல்லின் நடுவே பிளவை ஒட்டி மட்டும் டோலமைட் நாடா. இந்த வடிவத்தைக் கண்டால் சூடான நீரை நினையுங்கள். பரந்த படலத்தைக் கண்டால் கரையோரக் கசிவை நினையுங்கள்.

இத்தாலியின் டோலமைட் மலைகளே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகின்றன. மேல் டிரையாசிக்கின் டோலோமியா பிரின்சிபாலே ஓதத் தட்டுகளில் படிந்து சீக்கிரமே மாறிய பரந்த படலம். அங்கிருந்து அதிகத் தூரமில்லாத லாத்தேமார் மேடையிலோ சுண்ணாம்புக்கல்லின் நடுவே, பிளவுகளையும் எரிமலைப் பாறைச் சுவர்களையும் தொடர்ந்து சூடான நீர் ஏறிய இடங்களில் மட்டும் டோலமைட். அந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மர்மோலாடா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஐசோடோப்பில் கவனிக்க வேண்டியது இது. ஒரே நீரில் ஒரே வெப்பத்தில் படிந்தால் டோலமைட்டின் ஆக்சிஜன்-18 மதிப்பு கால்சைட்டைவிட ஆயிரத்துக்குச் சுமார் 3 கூடியிருக்கும். வற்றிய நீர் அதை இன்னும் கூட்டும், வெப்பம் குறைக்கும். சிக்கல் என்னவென்றால் முதலில் வந்த டோலமைட் ஒழுங்கற்றது, கால்சியம் மிகுந்தது. பிற்பாடு சூட்டில் மறுபடிகமாகும். அப்போது ஆக்சிஜன் எளிதில் அழிந்து புது நீரின் எண்ணை எடுத்துக்கொள்ளும், ஏனெனில் நீரில் இருப்பதில் பெரும்பகுதி ஆக்சிஜனே. கார்பன் அவ்வளவு எளிதில் மாறாது. எனவே குறைந்த ஆக்சிஜன் மதிப்பு மட்டும் வைத்து ஆழத்தில் உண்டானது என்று எழுதிவிட முடியாது. ஆழத்தில் திருத்தி எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். ஸ்ட்ரோன்டியத்தைச் சேர்த்துப் பாருங்கள். பெர்மியனின் நடுப்பகுதியான குவாடலூப்பியன் காலத்தின் இறுதியில் கடல்நீரின் ஸ்ட்ரோன்டியம் 87/86 விகிதம் பேலியோசோயிக் ஊழியிலேயே மிகத் தாழ்ந்து 0.707-ஐ ஒட்டி இருந்தது. இன்றைய கடல் 0.7092. உங்கள் டோலமைட் 0.707-க்கு அருகில் இருந்தால் அன்றைய கடல்நீர்தான். 0.710-ஐத் தாண்டினால் களிமண்ணையோ அடிப்பாறையையோ கழுவி வந்த நீர். மாதிரியில் ஒட்டியிருக்கும் களிமண்ணும் இந்த எண்ணை உயர்த்திவிடும். முதலில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கழுவி, ஒட்டிய ஸ்ட்ரோன்டியத்தையும் மிஞ்சிய கால்சைட்டையும் நீக்கிய பிறகே டோலமைட்டைக் கரையுங்கள்.

படிவியல்_முதுகலை:

சேண டோலமைட் பற்றி நான் எழுதியிருந்த பத்தியை நீக்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: ஒருவர் பத்து மாதிரிதான் சோதிக்க முடியும் என்றால் எங்கிருந்து எடுப்பது நல்லது?

பதில் 7: உவர்நீர்_கணக்கு

காயல் பக்கமிருந்து படுகைப் பக்கம் ஒரே படிவு மட்டத்தைத் தொடர்ந்து ஒரு வரிசையாக எடுங்கள். கடற்தட்டின் உட்பகுதியில் இரண்டு, திட்டுக்கு நேர் பின்னால் இரண்டு, முன்சரிவில் மூன்று. கசிவு நீர்தான் காரணம் என்றால் படுகைப் பக்கம் போகப் போக டோலமைட்டின் அளவு குறைய வேண்டும். ஊற்றிலிருந்து விலகுவதால் படிகம் பருத்து வருவதும் பல படுகைகளில் பார்க்கலாம். இரண்டு மாதிரி கட்டாயம் திட்டின் மாறாத சுண்ணாம்புக்கல்லிலிருந்து வேண்டும், அன்றைய கடலின் கார்பனும் ஸ்ட்ரோன்டியமும் அதில்தான் கிடைக்கும். கடல் சிமெண்ட் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், பிற்காலக் கால்சைட் நரம்பைத் தவிருங்கள். பத்தாவதைக் குழி நிரப்பிய சேண டோலமைட்டுக்கு ஒதுக்குங்கள். அந்த எண்ணை மற்ற ஒன்பதோடு சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டாம்.

பதில் 8: படிகப்பக்கம்

கார்பனேட்_மேடை சொன்ன திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். பத்து மாதிரிக்கும் முதலில் கத்தோடொளிர்வு (எலெக்ட்ரான் கற்றை பட்டுக் கனிமம் ஒளிர்வது) பார்த்துவிடுங்கள். மாங்கனீசு உள்ள வளையம் ஒளிரும், இரும்பு கூடிய வளையம் அணைந்துவிடும். நடுவும் ஓரமும் வேறு வேறு நிறம் காட்டும் படிகத்தில் குறைந்தது இரண்டு கட்ட வளர்ச்சி இருக்கிறது. ஐசோடோப்புக்குப் பொடி எடுக்கும் இடத்தை அந்தப் படத்தின் மேல் குறித்துக்கொண்டு, அதன்பின் துளைப்பானைத் தொடுங்கள்.